டப்பா ஏன் அப்படியே திரும்பி வருகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மனைவிக்கு அதிகாலைப் பணி என்பதால், காலை இடைவேளைக்கான டப்பாவை நான்தான் கட்டிக் கொடுக்கிறேன். ஆப்பிள், மாதுளை, பாதாம், அவித்த முட்டை என்று சத்தானவையாகப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறேன். எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. பக்கத்தில் உட்காரும் தோழியின் சிப்ஸையும் கிரீம் பிஸ்கட்டையும் வாங்கிச் சாப்பிடுகிறாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் திட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து டப்பா காலியாக வந்தது, நிம்மதியடைந்தேன். இரண்டு வாரம் கழித்து ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார், தினமும் குப்பைக்கூடையில் கொட்டிவிடுகிறாளாம். ஒரு மாதத்துக்கான ஆரோக்கியமான தின்பண்டப் பட்டியல் தர முடியுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் குப்பைக்கூடை.

உங்கள் மகள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள் என்று வருந்தாதீர்கள். டப்பா காலியாக வந்தால் அப்பா மகிழ்கிறார், நிறைந்து வந்தால் கோபப்படுகிறார் என்பதை அவள் புரிந்துகொண்டாள்; அப்பாவின் கோபத்துக்குப் பயந்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கண்டுபிடித்தாள். ஆனால் இதில் உங்களுக்கு ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. திரும்பி வந்த டப்பாதான் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எதைத் தொட்டாள், எதைக் கடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள், எதைத் திறக்கவே இல்லை என்பதையெல்லாம் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். திட்டிய நாளோடு அந்தத் தகவல் நின்றுபோயிற்று.

ஆகவே இன்று இரவே அவளிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்: "இனிமேல் பிடிக்காததைக் கொட்ட வேண்டாம்மா, அப்படியே கொண்டு வா. நான் கோபப்பட மாட்டேன். என்ன பிடிக்கவில்லை என்று நாம் சேர்ந்து பார்ப்போம்." சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும். அடுத்த வாரம் முழுதும் டப்பா நிறைந்தே வந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் பல ஆண்டுகளுக்கு முன் வகுத்துத் தந்த ஒரு பொறுப்புப் பங்கீட்டை இன்றும் நாங்கள் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் கையில். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் கையில். டப்பாவை மூடி அவளிடம் கொடுத்த நிமிடத்தோடு உங்கள் பங்கு முடிந்துவிடுகிறது.

இப்போது உங்கள் நான்கு பண்டங்களுக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தோன்றியது இதுதான்: சத்தைப் பொறுத்தவரை நான்கும் அருமையான தேர்வுகள். ஆனால் நான்குமே ஏழு வயதுக் குழந்தை ஒரு குறுகிய இடைவேளையில், பெரியவர் துணையின்றிச் சாப்பிடக் கடினமானவை.

அவள் சிரிக்கும்போது முன்பற்களைப் பாருங்கள். ஆறு வயதில் தொடங்கி எட்டு ஒன்பது வயதுக்குள், மேலும் கீழும் முன்பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, விழுந்து, புதிதாக முளைக்கும் காலம் இது. ஆடும் பல்லோடு ஒரு முழு ஆப்பிளைக் கடித்துப் பாருங்கள் என்றால் நம்மில் யாரும் தயங்குவோம். குழந்தைக்கு அதை விளக்கிச் சொல்லத் தெரியாது. "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லும். என்னிடம் வரும் ஆறேழு வயதுக் குழந்தைகளில் "பழமே தொடுவதில்லை" என்று சொல்லி அழைத்துவரப்படுகிறவர்களின் வாயை முதலில் திறந்து பார்ப்பது என் வழக்கம். பாதாமுக்கும் இதே கதைதான். கடினமான கொட்டையை அரைக்க நேரமும் நல்ல பற்களும் வேண்டும்.

ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பேறிவிடுகிறதே என்று கேட்பீர்கள். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள ஒரு நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. அதனால்தான் அந்த நிறம். எலுமிச்சைச் சாறு சில துளிகள் கலந்த தண்ணீரில் துண்டுகளை முக்கி எடுத்தால் அமிலம் அந்த நொதியை அடக்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு. பழத்தைத் துண்டுகளாக வெட்டி, மறுபடி முழுப் பழம்போலச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். வெட்டிய முகங்களில் காற்று அதிகம் படாது. குழந்தைகளுக்கு அதைப் பிரிப்பதே ஒரு விளையாட்டு.

மாதுளை சிந்தும், சாறு தெறிக்கும், சீருடையில் கறை படியும். ஏழு வயதில் குழந்தைகள் தங்கள் உடையைப் பற்றியும், பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்வார் என்பது பற்றியும் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள். மாதுளையை வீட்டில் மாலையில் ஒரு கிண்ணத்தில் கரண்டியோடு கொடுங்கள், அப்போது சாப்பிடுவாள்.

முட்டையின் சிக்கல் மணம். மூடிய டப்பாவில் மூன்று மணி நேரம் இருந்த முட்டையைத் திறந்ததும் எழும் வாடைக்கு வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒரே ஒருவர் மூக்கைப் பிடித்துக் கிண்டல் செய்தால் போதும், அந்தக் குழந்தை முட்டையை மாதக்கணக்கில் தொடாது. முட்டையை அளவுக்கு மீறி வேகவைத்தால் வெள்ளைக்கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கூடுதலாக வெளிப்படுகிறது. அது மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேரும்போதுதான் கருவைச் சுற்றிப் பசுஞ்சாம்பல் நிற வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தைப் பார்த்தால், வேகவைத்த நேரம் அதிகம் என்று அறிந்துகொள்ளுங்கள். தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடம் போதும். உடனே குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். வாடை வெகுவாகக் குறையும். அப்படியும் அவளுக்குக் கூச்சமாக இருந்தால் முட்டையைப் பள்ளிக்கு அனுப்பாமல் காலை உணவில் சேர்த்துவிடலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. அது காலை எட்டு மணிக்கு வயிற்றுக்குள் போனாலும் அதே 6 கிராம்தான்.

அடுத்ததாக நேரம். உங்கள் மகளின் பள்ளியில் இடைவேளை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கழிப்பறைக்குப் போக வேண்டும், கை கழுவ வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மிக முக்கியமாக விளையாட வேண்டும். சாப்பிடக் கிடைப்பது ஐந்தாறு நிமிடங்கள். ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். டப்பாவைக் கட்டிப் பையில் வைத்து அவளிடம் கொடுங்கள். உதவி செய்யாமல், அவசரப்படுத்தாமல், கடிகாரத்தை மட்டும் பாருங்கள். மூடியைத் தானே திறக்கிறாளா? கை பிசுபிசுக்கிறதா? எதை முதலில் எடுக்கிறாள்? ஒவ்வொரு வாயையும் எவ்வளவு நேரம் மெல்லுகிறாள்? மூடி இறுக்கமாக இருப்பதால் திறக்க முடியாமல், ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மாதக்கணக்கில் பட்டினியாக இருந்த ஒரு சிறுவனை எனக்குத் தெரியும். அவனுக்கு நான் செய்த ஒரே மருத்துவம், டப்பாவை மாற்றச் சொன்னதுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் என்ன வைப்பது என்ற கேள்விக்குப் பொருள் வருகிறது.

இடைவேளைத் தின்பண்டம் ஒரு சிறிய உணவு. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடைப்பட்ட பசியை அது தாங்க வேண்டும். அதே சமயம் மதியச் சாப்பாட்டைக் கெடுத்துவிடக் கூடாது. பழம் மட்டும் வைத்தால் சிறிது நேரத்தில் மறுபடி பசிக்கும். பழத்தோடோ காயோடோ புரதமும் கொஞ்சம் கொழுப்பும் உள்ள ஒன்றைச் சேர்த்தால் வயிறு நிறைந்த உணர்வு கூடுதல் நேரம் நிற்கும். இந்த ஜோடி சேர்க்கும் பழக்கம் கைவந்துவிட்டால் உங்களுக்கு மாதப் பட்டியல் தேவைப்படாது. நறுக்கிய ஆப்பிளோடு இரண்டு சீஸ் துண்டுகள் வைக்கலாம். வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி, இரண்டு வட்டங்களுக்கு நடுவே நிலக்கடலை வெண்ணெய் தடவி ஒட்டிவிடலாம். மெத்தென்று வேகவைத்த கொண்டைக்கடலையில் ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறி, டப்பாவின் பக்கத்து அறையில் வெள்ளரித் துண்டுகளை வைக்கலாம். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்துக்குள் பொடித்த பாதாமை அடைத்துப் பாருங்கள். நீங்கள் விரும்பிய பாதாமும் உள்ளே போய்விடும். வேகவைத்த சோளமுத்துகள், ஆவியில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டுகள், மசித்த முட்டை தடவிய முழுக்கோதுமை ரொட்டித் துண்டு, கெட்டித் தயிர் என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். ஓட்ஸ், பழுத்த வாழைப்பழம், முட்டை மூன்றையும் சேர்த்து அடித்து, நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டங்களாகக் கல்லில் சுட்டெடுத்தால் சர்க்கரை சேர்க்காமலே இனிப்பாக இருக்கும். கடித்து இழுக்க வேண்டாம், முன்பல் ஆடுகிற குழந்தைக்கு அது மிகவும் சௌகரியம்.

அளவு? அவளுடைய கைப்பிடி. உங்களுடையது அன்று. பெற்றோர் கட்டும் டப்பாக்களில் பெரும்பாலானவை பெரியவர்களின் பசிக்கு அளந்தவை. நிறைந்து வழியும் டப்பாவைப் பார்த்ததுமே சில குழந்தைகளுக்குச் சாப்பிடும் ஆசை போய்விடுகிறது. பழம் நாலு துண்டு, சீஸ் இரண்டு துண்டு. போதவில்லை என்றால் அவளே கேட்பாள். அப்படிக் கேட்கும் நாள் உங்களுக்கு நல்ல நாள்.

சூடான எதையும் ஆவி போகாமல் மூடிவிடாதீர்கள். ஆவி உள்ளேயே நீராகித் தங்கி, மொறுமொறுப்பானதை நமநமக்கச் செய்துவிடும். ஈரமான பழத்தையும் உலர்ந்த பண்டத்தையும் ஒரே அறையில் போட்டாலும் இதே கதி. குழந்தைகள் சுவையைவிடப் பதத்தைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள் என்பது என் அனுபவம். காலையில் வீட்டில் விரும்பித் தின்றதையே பத்து மணிக்கு ஒதுக்குகிறாள் என்றால், பத்து மணிக்கு அது வேறு பண்டமாகிவிட்டது என்று பொருள். ஒரு நாள் அதே டப்பாவை நீங்களும் உங்களுக்காகக் கட்டி, மூன்று மணி நேரம் கழித்துத் திறந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

கெட்டுப்போகும் பண்டங்களில் ஒரு எச்சரிக்கை. முட்டை, தயிர், சீஸ், வேகவைத்த பயறு வகைகள் ஆகியவற்றைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்றது. ஏழு மணிக்குக் கட்டி பத்து மணிக்குத் திறக்கும் டப்பா இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது என்பது தெரிகிறதல்லவா? இரவே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் குளிர்ச்சியாகவே எடுத்துக் கட்டுங்கள். முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி உறையவைத்த ஒரு சிறு பாட்டிலை டப்பாவை ஒட்டிப் பையில் வைத்துவிட்டால் இடைவேளைவரை தாங்கும். உருகிய தண்ணீரை அவள் குடித்துக்கொள்வாள். அந்த ஏற்பாடு முடியாத நாளில் பழம், வறுத்த கடலை, பேரீச்சை போன்ற உலர்ந்தவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொட்டை வகைகளை அனுப்பும் முன் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வகுப்பில் யாருக்கேனும் நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் சிறிதளவு பட்டாலே உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் பல பள்ளிகள் கொட்டைகளை அனுமதிப்பதில்லை. உங்கள் மகளும் தோழியும் பகிர்ந்து சாப்பிடுவதால் இதை அந்தக் குழந்தையின் பெற்றோரிடமும் பேசிக்கொள்வது நல்லது. வீட்டில் நான்கு வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால், அக்காவின் டப்பாவில் மிஞ்சிய முழுக் கொட்டையும் சோளப்பொரியும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை அவர்களுக்கு நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுக்க வேண்டும்.

இனி, அந்த கிரீம் பிஸ்கட்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாம் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து ஒரு நாளின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. ஏழு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரி என்று கொண்டால், 10 சதவீதம் என்பது 37 கிராம், ஏறத்தாழ 9 தேக்கரண்டி. பல கிரீம் பிஸ்கட்டுகளில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. உறையின் பின்புறம் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து நான்கால் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை மகளோடு சேர்ந்து போடுங்கள். இரண்டாம் வகுப்பில் எண்ணத் தெரியும். 200 மில்லி ஆப்பிள் பழச்சாற்றில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது 5 தேக்கரண்டி. 'நூறு சதவீதம் பழம்' என்று போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. டப்பாவோடு தண்ணீர் போதும்.

பல்லுக்காகவும் இதைச் சொல்கிறேன். இனிப்பு வாயில் பட்டதும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் pH அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அது பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒட்டிக்கொள்ளும் பண்டங்களில் இன்னும் நேரமாகும். பேரீச்சையும் உலர்திராட்சையும் இதில் சேர்த்திதான். அதனால் அவற்றைத் தினமும் வைக்காதீர்கள். வைக்கும் நாளில் கூடவே சீஸும் தண்ணீரும் இருக்கட்டும். இப்போது முளைக்கும் பற்கள்தான் அவளுக்கு ஆயுள் முழுதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தோழியின் பிஸ்கட்டைத் தடை செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஜெனிஃபர் ஃபிஷர், லீயான் பிர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் வயதுக் குழந்தைகள் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, எடுக்க விடாமல் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். குழந்தைகளின் பேச்சும் நாட்டமும் அதன் மீதே போயின. கிடைத்தபோது அதைத்தான் அதிகம் தேடினார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். வாரத்தில் ஒரு நாள் நீங்களே அவளுக்குப் பிடித்த பிஸ்கட் இரண்டை, பழத்தோடும் சீஸோடும் டப்பாவில் வையுங்கள். பரிசு என்று சொல்லாமல், மற்றவற்றைத் தின்றால்தான் என்று நிபந்தனை போடாமல் வையுங்கள். தோழியோடு பகிர்வது அவளுக்குப் பசியைப் போக்குவதோடு நட்பையும் தருகிறது. எனவே பகிரத் தக்கதாக அவளுக்கும் ஒன்று வேண்டும். அந்த ஓட்ஸ் வட்டங்களில் நாலு கூடுதலாக வைத்து, "தோழிக்கும் கொடு" என்று சொல்லிப் பாருங்கள்.

மாதப் பட்டியல் கேட்டீர்கள். முப்பது நாளுக்கு முப்பது விதம் என்பது பெற்றோருக்குப் பெருமையாக இருக்கலாம். குழந்தைக்குத் தினமும் ஒரு அந்நியரைச் சந்திப்பதுபோல. லீயான் பிர்ச் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஒரு புதிய உணவை எத்தனை முறை அதிகமாகச் சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அதன் மீது விருப்பம் கூடியது. பல குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேல் ஆகலாம். நாமோ மூன்றாவது முறையே "இவளுக்கு இது ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனவே அவள் நிச்சயமாகச் சாப்பிடும் மூன்று ஜோடிகளை முதலில் கண்டுபிடியுங்கள். அவற்றையே மாற்றி மாற்றி வையுங்கள். புதியதை ஒரே ஒரு துண்டாக, பழகியதன் பக்கத்தில் வையுங்கள். அது திரும்பி வந்தால் வரட்டும். அடுத்த வாரம் மறுபடி ஒரு துண்டு. புதியதை முதன்முதலில் பள்ளியில் அறிமுகம் செய்யாதீர்கள். வீட்டில், நீங்களும் அதையே சாப்பிடும் வேளையில் அறிமுகமாகட்டும்.

வீட்டிலும் சரியாகச் சாப்பிடாமல் எடை குறைகிறது, அடிக்கடி வயிற்றுவலி என்கிறாள், விளையாடாமல் சோர்ந்திருக்கிறாள், விழுங்கவே பயப்படுகிறாள் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அவளுக்குப் பசிக்கிறது, தோழியின் டப்பாவில் கை நீட்டுகிறாள்; எனக்கு அது நல்ல செய்தியாகவே படுகிறது.

வரும் ஞாயிறு மாலை மூன்று நான்கு பண்டங்களை மேசைமேல் வைத்து, திங்கட்கிழமை டப்பாவுக்கு ஒரு பழத்தையும் அதற்குத் துணையான ஒன்றையும் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வெட்டுவதை நீங்கள் செய்யுங்கள். அடுக்குவதை அவள் செய்யட்டும். மூடியையும் அவளே மூடட்டும். திங்கள் மாலை டப்பாவைத் திறக்கும்போது, மிஞ்சியிருப்பதைக் குறித்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். எதையெல்லாம் மிச்சம் வைத்தாள் என்று அந்தக் குறிப்பில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்